கோட்டம் இல்லாத சக்கரம்

கோழி எச்சம் பதினேழு வருஷம் காய்ந்தால் சிமெண்டுக்குச் சமம் என்பதைத் துப்பறிவாளர் அன்று காலையில்தான் தெரிந்துகொண்டார். அதைச் சுரண்டும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. நாற்றம் சத்தத்துக்கும் முன்னால் வந்து வரவேற்றது.

அவருக்கு ஊர் வைத்த பெயர் சோப்பு. சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பாவும் அதற்குள் ஒரு சோப்புக்கட்டியும் எப்போதும் இருக்கும். எதைத் தொட்டாலும் அடுத்த நிமிஷம் குழாயைத் தேடுவார். தன் கைக்குப் போடுவாரே தவிர, வேறு யாருக்கும் சோப்பு போட்டதில்லை என்று போலீஸ்காரர்களே சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் காயங்களையும் பொய்த் திருட்டுகளையும் தோண்டியெடுத்துச் சலித்துப்போய்த் தனியாக வந்தவர். மனிதர்கள் மேல் அவருக்கு இருந்த அருவருப்பு மட்டும் கம்பெனியோடு நின்றுவிடவில்லை.

கூட வந்தவள் அவருடைய உதவியாளர், கண்டக்டர். நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவள்தான். பன்னிரண்டு வருஷம் டிக்கெட் கிழித்ததில், டிக்கெட் எடுக்காதவன் முகத்தை நூறு பேருக்கு நடுவில் கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கத்துக்காகத்தான் சோப்பு அவளை வேலைக்கு எடுத்தார். வாயையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"சார், மூக்கை மூடிக்கங்க. உள்ள போனா இறங்க ஸ்டாப்பிங் கிடையாது" என்றாள் பட்டறை வாசலில்.

உள்ளே கம்பியக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயது, முழங்கை வரைக்கும் கறுப்பு எண்ணெய். சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி கோர்ப்பதிலும் கோட்டம் எடுப்பதிலும் அவரை அடிக்க ஆள் கிடையாது. அதனால் வந்த பெயர்.

நடுவில் ஒரு தாங்கியில் அந்தச் சைக்கிள் தொங்கியது. வளைந்த கைப்பிடியும் மெல்லிய உருக்குக் குழாய்களும் கொண்ட பழைய பந்தயச் சைக்கிள். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது துருவும் எச்சமும் போக மிஞ்சிய இடத்தில் மட்டும் நீலம். கைப்பிடியில் சுற்றியிருந்த நாடா, வெந்த தோல் போல உரிந்து தொங்கியது. பிரேக் பிடியின் ரப்பர் உருகித் தார் மாதிரி ஒழுகி அப்படியே உறைந்திருந்தது.

சைக்கிள் ஒரு செத்துப்போன மனிதனுடையது. அவனைப் பல்லி என்பார்கள். ஒல்லியாக இருப்பான், எவ்வளவு செங்குத்தான மேடானாலும் ஒட்டிக்கொண்டு ஏறிவிடுவான். பதினேழு வருஷத்துக்கு முன் ஒரு விடியலில், பயிற்சிக்குப் போன இடத்தில் எதிரே வந்த லாரி அடித்துச் செத்தான். லாரி நிற்கவில்லை. சைக்கிளைப் பார்க்கச் சகிக்காமல் அவன் மனைவி அதை வழியில் போன ஒரு முட்டை வியாபாரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த வியாபாரியின் கோழிகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பதினேழு வருஷம் தூங்கின.

அதைத் தேடித் தரச் சொல்லி சோப்பை அமர்த்தியவர் ஊர் சைக்கிள் கிளப்பின் சேர்மன். பல்லியின் கூட்டாளி, அன்று விடியலில் கூடப் போனவரும் அவர்தான். கிளப்புக்குப் புதுக் கட்டடம் திறக்கப் போகிறார்கள். நண்பனின் சைக்கிளைப் புதுசு போலச் சீர்செய்து, திறப்பு விழாவில் தானே மைதானத்தை ஒரு சுற்று ஓட்டிக் காட்டி, பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாகச் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோப்பு மூன்று வாரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தார், கம்பியக்கா போன் பண்ணும் வரை.

"வாங்க சார். அதைப் பாருங்க முதல்ல" என்று கம்பியக்கா ஒரு தகர டப்பாவைக் காட்டினார். "சீட்டுக் கம்பி குழாய்க்குள்ள இறுகிப் போயிருந்துச்சு. மூணு நாள் எண்ணெய்ல ஊற வச்சு இழுத்தேன். கூடவே வந்தது இது."

டப்பாவில் கறுப்புக் கூழ். அதில் கரப்பான் முட்டைகளும் இறகுகளும் கால் காலாக ஏதோ பூச்சிகளும் மிதந்தன. சோப்பு ஓரடி பின்வாங்கினார்.

"இதைக் காட்டவா வரச் சொன்னீங்க?"

"இல்ல. இது சுத்தம். அசிங்கம் வேற இடத்துல இருக்கு."

கம்பியக்கா துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "நேத்து சேர்மன் ஆள் விட்டார். பின்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற முக்கோணக் குழாய்களை வெட்டியெடுத்துட்டுப் புதுக் குழாய் வச்சு ஒட்டணுமாம். பின்சக்கரம், செயின், பல்லுச்சக்கரம் எதுவும் வேண்டாமாம், எல்லாம் புதுசு போடணுமாம். அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா கழட்டினதை எல்லாம் அன்னைக்கே இரும்பு உருக்குற இடத்துல போட்டுட்டு ரசீது காட்டணுமாம். நான் இந்த வேலையில முப்பது வருஷம் இருக்கேன். புதுசு போட்டதுக்கு ரசீது கேப்பாங்க. பழசைக் கொன்னதுக்கு ரசீது கேட்டவர் இவர் ஒருத்தர்தான்."

"ஞாபகார்த்தமா சைக்கிளைச் சீர்பண்றவரு, பாதிச் சைக்கிளை உருக்கச் சொல்றாரா?" என்றாள் கண்டக்டர். "அப்புறம் எதைத்தான் ஞாபகம் வச்சுக்கப் போறாரு?"

"அதனாலதான் வெட்டலை. இங்க வாங்க."

கம்பியக்கா முன்பக்கத்தைக் காட்டினார். முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டை, கோடு போட்டது போல நேராக இருந்தது. முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். எச்சத்தோடு கரகரத்தாலும் இம்மி பிசகாமல் சுற்றியது.

"எதிர்ல வந்த லாரி அடிச்சா முதல்ல மடங்குறது இந்தக் கவட்டைதான். அதுக்குப் பின்னால இருக்கிற குழாய்கள்ல சுருக்கம் விழும். இதுல எங்கயாவது சுருக்கம் இருக்கா, தடவிப் பாருங்க."

சோப்பு தடவவில்லை. குனிந்து பார்த்தார். இல்லை.

"இப்ப பின்னாடி வாங்க."

பின்சக்கரத்தைப் பிடித்திருந்த மெல்லிய குழாய்கள் இரண்டும் பக்கவாட்டில் நெளிந்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. எச்சம் மூடியிருந்தால் தெரியவே தெரியாது. சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து குழாயை இடித்துக்கொண்டு நின்றது.

"அப்போ பின்னாலிருந்து இடிச்சிருக்கு" என்றார் சோப்பு.

"ஆமா. ஆனா இதைப் பாருங்க." கம்பியக்கா பின்சக்கரத்தைக் கழற்றித் தனித் தாங்கியில் மாட்டிச் சுழற்றினார். கோட்டமே இல்லை. தட்டு போலச் சுற்றியது. "பின்னாலிருந்து வர்ற எதுவும் முதல்ல சக்கரத்தைத்தான் தொடும். சக்கரம் நசுங்கிட்டுத்தான் குழாய் நெளியும். இங்க குழாய் நெளிஞ்சிருக்கு, சக்கரத்துக்கு ஒரு கீறல் இல்ல."

சோப்பு இன்னொரு முறை குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கண்டக்டர்தான் சொன்னாள். "முதுகுல கத்திக்குத்து இருக்கு, சட்டையில ஓட்டை இல்லன்னா என்ன சார் அர்த்தம்? குத்தினதுக்கு அப்புறம் எவனோ சட்டையை மாத்திட்டான்."

"முட்டைக்காரன் மாத்தியிருக்கலாமே" என்றார் சோப்பு.

"கோழி எதுக்குக் கோட்டம் எடுத்த சக்கரம் கேக்கப்போவுது?"

கம்பியக்கா சிரிக்கவில்லை. சக்கரத்தைத் திரும்பவும் வண்டியில் வைத்து, மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்த செயினைப் பெடல் பல்லிலும் சக்கரத்தின் பல்லிலும் மாட்டிக் காட்டினார். அது தளர்ந்து, வயதான மாட்டின் தாடை போலத் தொங்கியது. "செயின் பல்லியோடது. மேடு ஏறுறவனுக்குப் பின்னால பெரிய பல்லு வேணும், அதுக்குத் தக்கபடி நீளமா இருக்கு. சக்கரத்துல இருக்கிறது சின்னப் பல்லு. இதை வச்சுக்கிட்டு மேடு ஏற முடியாது. சமதரையில கடைசி இருநூறு மீட்டர் பாய்ஞ்சு ஓட்டுறவன் வச்சுக்குற பல்லு. இந்தச் சக்கரம் பல்லியோடது இல்ல சார்."

"பின்னே யாரோடது?"

கம்பியக்கா, கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தார். ஒவ்வொரு குறுக்கிலும் மெல்லிய செம்புக் கம்பி சுற்றி ஈயம் பற்ற வைத்திருந்தது. "பாயுறவங்க காலுக்குச் சக்கரம் நெளியக்கூடாதுன்னு இப்படிக் கட்டுவோம். இது என் கைக்கட்டு. அந்தக் காலத்துல அஞ்சாறு பேருக்குக் கட்டிக் கொடுத்திருக்கேன். யாருக்கு எந்தச் சக்கரம்னு இப்போ சொல்லத் தெரியல."

"அந்த அஞ்சாறு பேர்ல சேர்மன் உண்டா?"

"அவருக்குத்தான் முதல்ல கட்டினேன்."

சோப்பு குழாயடிக்குப் போய் இரண்டு முறை கையைக் கழுவினார். அழுக்கு போயிற்று. போகாதது ஒன்று இருந்தது. இந்தச் சைக்கிள் பதினேழு வருஷம் கோழிக்குக் கீழே பத்திரமாக இருந்தது. அதைத் தேடிப்பிடித்து, உருக்கச் சொல்லிக் காத்திருப்பவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்தான். கூலிக்கு மோப்பம் பிடித்த நாய். அவருக்குத் தன் கையே பிடிக்கவில்லை.

"கண்டக்டர், பல்லியோட வீட்டுக்குப் போகணும்."

"போலாம் சார். கம்பியக்கா, வண்டியைப் பூட்டி வைங்க. யாராவது கேட்டா வெட்டிட்டேன்னு சொல்லிடுங்க. பொய்க்கு நான் பொறுப்பு."

*

பல்லியின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தது. செருப்புகள் ஒரே வரிசையில், புத்தகங்கள் உயர வாரியாக. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள்.

"சைக்கிளைப் பத்தி முதல்ல கேட்டது என் பொண்ணுதான்" என்றார் டீச்சர். "அப்பாவோட வண்டியைக் கண்டுபிடிச்சு நானே பிரிச்சு மாட்டி ஓட்டுவேன்னு ஒரே பிடிவாதம். இன்டர்நெட்ல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டா. சேர்மன் அண்ணன் வந்தப்போ அவர்கிட்டயும் சொன்னா. அவர்தான், நீ கஷ்டப்படாதேம்மா, நானே தேடிப்பிடிச்சு ராஜா மாதிரி பண்ணித் தர்றேன்னு முன்வந்தார்."

"எப்போ சொன்னாங்க?"

"போன மாசம்."

சேர்மன் சோப்பைத் தேடி வந்ததும் போன மாதம்தான். மகள் கைக்கு ஸ்பானர் போவதற்குள் தன் கைக்குச் சைக்கிள் வந்தாக வேண்டும். 

"சேர்மன் உங்களுக்கு ரொம்ப ஒத்தாசையோ?"

"இந்தப் பதினேழு வருஷமும் அவர் இல்லன்னா நாங்க இல்ல. பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேத்தது, காலேஜ்ல சேத்தது எல்லாம் அவர்தான். ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்காரர் செத்த நாளன்னைக்கு வந்து உக்காந்து அழுதுட்டுப் போவார். கூடப் பொறந்தவங்க கூட அப்படி அழ மாட்டாங்க." டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். "ஏன் கேக்குறீங்க?"

சோப்பு அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்டார். "ஆஸ்பத்திரியில டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"ஆம்புலன்ஸ் போனப்போ உடம்பு இன்னும் சூடா இருந்துச்சாம். அடிபட்டு முக்கால் மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும்னார். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பார்னும் சொன்னார். என்ன பண்றது, சேர்மன் அண்ணன் தன் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சுப் போய்த்தானே போன் பண்ண முடிஞ்சுது. அப்போ அவர்கிட்ட செல்போன் கிடையாது. ரோட்டுல ஈ காக்கா கிடையாது."

கண்டக்டர் சோப்பைப் பார்த்தாள். சோப்பு சுவரைப் பார்த்தார்.

"டீச்சர், போலீஸ் சைக்கிளை உங்ககிட்டக் கொடுத்தப்போ ஏதாவது எழுதிக் கொடுத்தாங்களா?"

டீச்சர் அலமாரியைத் திறந்து, தேடாமல், நேராகக் கை வைத்து ஒரு காகிதத்தை எடுத்தார். மஞ்சளாகியிருந்தாலும் மடிப்பு கலையாமல் இருந்தது. சம்பவ இடத்தில் சைக்கிளைக் கைப்பற்றிய அன்றே காலை எட்டரை மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் எழுதிய பட்டியல். ஸ்டேஷனில் சைக்கிள் சாமான் காணாமல் போனால் தன் தலையில் விழும் என்று பயந்த மனிதர் போலிருக்கிறது. மணி, பம்பு, தண்ணீர் பாட்டில் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். சோப்பின் விரல் ஒரு வரியில் நின்றது.

'பின்சக்கரம் ஒன்று. கம்பிகளில் பதினெட்டு இடங்களில் செம்புக் கம்பி சுற்றி ஈயம் வைத்தது. நல்ல நிலையில்.'

"கடவுள் இருக்காரோ இல்லையோ, இந்த மாதிரி பயந்த கான்ஸ்டபிள் இருந்தா போதும்" என்றாள் கண்டக்டர் மெதுவாக.

டீச்சர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்கு வாத்தியார்களிடம் ஒரு வரியை மறைத்து அடுத்த வரிக்குப் போக முடியாது. "என்கிட்ட எதையோ சொல்லாம விடுறீங்க" என்றார்.

"சாயங்காலம் சேர்மனைப் பாக்கப் போறேன். அதுக்கு முன்னாடி சொல்றதுக்கு என்கிட்ட முழுசா எதுவும் இல்ல."

"நானும் வர்றேன்."

"வேண்டாம் டீச்சர்."

"காகிதம் என்னோடது. அது வரணும்னா நானும்தான் வருவேன்."

*

சேர்மனின் அறை முழுக்கக் கோப்பைகள். புது வார்னிஷ் வாசனை. மேசைக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய சொந்தப் பந்தயச் சைக்கிள் சிவப்பாக மின்னியது. இத்தனை பளபளப்புக்கு நடுவில் சோப்புக்குக் கோழிக் கொட்டகையே தேவலை என்று தோன்றியது.

"வாங்கம்மா, நீங்களே வந்துட்டீங்களா" என்று சேர்மன் எழுந்து டீச்சருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பெரிய உடம்பு, மிருதுவான குரல். "கம்பியக்கா வெட்டியாச்சுன்னு சொன்னாங்க. வேலை ஓடுது."

"ஓடுது சார்" என்றார் சோப்பு. "பல்லியோட கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒரு கல்வெட்டு வச்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு. எழுதுறவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். அன்னைக்கு நடந்ததை உங்க வாயால சொன்னா அப்படியே எழுதிக்குவார்."

கூட வந்த ஒடிசலான மனிதர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தார். சேர்மனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்லில் ஏறப்போகும் வார்த்தைகள் அல்லவா? நிதானமாக, இடைவெளி விட்டுச் சொன்னார். விடியல், பனி, பல்லி முன்னால், தான் ஐம்பது அடி பின்னால் தன் சைக்கிளில். எதிரே வெளிச்சம் போடாமல் வந்த லாரி. தூக்கி எறியப்பட்ட நண்பன். பிறகு நாலு கிலோமீட்டர், சீட்டில் உட்காராமல் மிதித்து, வீட்டுக்குப் போய்ப் போன். "அந்த நாலு கிலோமீட்டர்தான் என் வாழ்க்கையிலேயே நான் வேகமா ஓட்டினது. ஜெயிக்கத்தான் முடியல" என்று முடித்தார். கண் கலங்கியிருந்தது. பல முறை சொல்லித் தேய்ந்து வழுவழுப்பான பேச்சு. சோப்புக்கு அந்தத் தகர டப்பாவின் கூழ் ஞாபகம் வந்தது.

"அருமை" என்றார் ஒடிசல் மனிதர். "கீழே ஒரு கையெழுத்து. நாளைக்கு வார்த்தை மாறிப்போச்சுன்னு எங்களைச் சொல்லக்கூடாது பாருங்க."

சேர்மன் கையெழுத்துப் போட்டார்.

இதற்குள் கண்டக்டர் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். "சார், உங்க வண்டியில முன்சக்கரத்துக் கம்பிக்குச் செம்புக் கட்டு போட்டிருக்கு. பதினெட்டு. எண்ணிட்டேன். பின்சக்கரம் மொட்டையா இருக்கே?"

"அது... அப்புறம் மாத்தினது."

"காலோட வேகம் எல்லாம் பின்சக்கரத்துக்குத்தானே போகும்? அதை விட்டுட்டு முன்சக்கரத்துக்கு மட்டும் யாராவது கட்டு போடுவாங்களா? ஒத்தைக் கால்ல ஷூ மாட்டிட்டு ஓடுற மாதிரி இருக்கு."

"இதோட ஜோடி பின்சக்கரம் எங்கே போச்சு சேர்மன்?" என்று கேட்டார் சோப்பு.

"எங்கேயோ போச்சு. பதினேழு வருஷம் ஆச்சு."

"நான் சொல்றேன். பல்லியோட சைக்கிள்ல இருக்கு. செயினுக்குப் பொருந்தாம, குழாய்க்குப் பொருந்தாம, ஒரு கீறல் இல்லாம."

சேர்மன் டீச்சரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "கொட்டகையில கிடந்த வண்டி. எவன் எதை மாட்டினானோ."

டீச்சர் கைப்பையைத் திறந்து மஞ்சள் காகிதத்தை மேசை மேல் வைத்தார். அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். சேர்மன் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"ஆமா, இப்போதான் ஞாபகம் வருது" என்றார். "முந்தின நாள் நாங்க சக்கரத்தை மாத்தி மாட்டிப் பாத்தோம். விளையாட்டுக்கு. அவன்கிட்ட என்னோடது, என்கிட்ட அவனோடது."

"அப்படின்னா உங்க சக்கரம் மாட்டியிருந்தப்போதான் வண்டி அடிபட்டிருக்கணும். குழாய் நெளிஞ்சிருக்கு. சக்கரம் நசுங்கலையே, ஏன்?" சோப்பின் குரல் உயரவே இல்லை. "முதல்ல அடி, அப்புறம் மாத்தல். அதுதான் கணக்கு. நசுங்கின சக்கரத்தை யாரோ கழட்டிட்டு, உங்க சக்கரத்தை அதுல மாட்டியிருக்காங்க. போலீஸ் எட்டரை மணிக்கு வர்றதுக்குள்ள. அந்த ரோட்டுல அப்போ இருந்தது ரெண்டே பேர். ஒருத்தர் தரையில கிடந்தார்."

சோப்பு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். உங்க பின்சக்கரம் பல்லி வண்டியில இருக்கு. நீங்க எதை மாட்டிக்கிட்டு அந்த நாலு கிலோமீட்டர் மிதிச்சீங்க?"

சேர்மன் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினார். 

"ஒத்தைச் சக்கரத்துல ஓட்டுறதுக்கு சர்க்கஸ்ல இருந்திருக்கணும்" என்றாள் கண்டக்டர்.

"நீங்க மிதிக்கவே இல்ல" என்றார் சோப்பு. "கார்ல வந்தீங்க. சைக்கிள் காருக்குள்ள இருந்துச்சு. உள்ளே வைக்கச் சக்கரத்தைக் கழட்டித்தான் வைப்பாங்க. அதனாலதான் மாட்டுறதுக்குக் கைவசம் ஒண்ணு தயாரா இருந்துச்சு. நசுங்கின சக்கரம் இருந்தா, பின்னாலிருந்து இடிச்சது தெரிஞ்சு, பின்னால வந்த உங்களைத்தான் கேப்பாங்க. லாரின்னு சொன்னதும் எல்லாரும் லாரியைத் தேடிப் போயிட்டாங்க. சைக்கிளை யாரும் குனிஞ்சு பாக்கல."

சேர்மன் நாற்காலியில் சரிந்தார். அவ்வளவு பெரிய உடம்பு காற்றுப் போனது போல ஆகிவிட்டது. மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தூங்கிட்டேன். லேட் ஆயிடுச்சு. அவனைப் பிடிக்கணும்னு கார்ல கிளம்பினேன். ஓட்டிக்கிட்டே குனிஞ்சு ஷூ மாட்டிக்கிட்டிருந்தேன். நிமிந்தப்போ அவன் முதுகு. அவ்வளவுதான். வேணும்னு செய்யல. அப்போ அடுத்த வாரம் டீமுக்கு ஆள் எடுக்குறதா இருந்தாங்க. வெளிய தெரிஞ்சா என் பேர் போயிடும்னு..."

"அதை யாரும் கேக்கல" என்றார் சோப்பு.  "இடிச்சது விபத்து. கார் அங்க இருந்துச்சு. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"பத்து நிமிஷம்."

"சக்கரம் மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

சேர்மன் மேசை விளிம்பைத் தடவினார்.

"எவ்வளவு நேரம்?"

"குழாய் நெளிஞ்சிருந்துச்சு. உள்ள போகல. நெம்பி... இருபது நிமிஷம் ஆகியிருக்கும்."

ஓரத்தில் இருந்த ஒடிசல் மனிதர் எழுந்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருந்தார். "இதுக்கும் கீழே ஒரு கையெழுத்து வேணும் சார். நான் கல்வெட்டு எழுதுறவன் இல்ல. பழைய கேஸ்களைப் பாக்குற இன்ஸ்பெக்டர்."

சேர்மன் அவரைப் பார்க்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்களுக்காகத்தான்மா பதினேழு வருஷம் ஓடி ஓடிச் செஞ்சேன். பாப்பாவைப் படிக்க வச்சேன். அதை நினைச்சுப் பாருங்க."

இதைக் கேட்டபோது சோப்புக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும் போலிருந்தது. வருஷா வருஷம் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, டீச்சர் கையால் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அழுத அழுகை எதற்கானது என்று இப்போது தெரிந்துவிட்டது.

டீச்சர் அழவில்லை. "அந்த இருபது நிமிஷமும் அவருக்கு நினைவு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பேசினாரா?"

சேர்மன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "அவன் வண்டியை அவனுக்காகச் சரிபண்றேன்னு நினைச்சுட்டான். 'சக்கரத்தை விடுடா, அப்புறம் மாத்திக்கலாம், முதல்ல என்னைத் தூக்கு'ன்னான்."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை தடவை சொன்னார்?"

"மூணு தடவை."

டீச்சர் தலையை ஆட்டினார், ஒரு மாணவன் ஒரு வழியாகச் சரியான விடையைச் சொல்லிவிட்டது போல. காகிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். சேர்மனைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். சோப்பும் கண்டக்டரும் பின்னாலேயே போனார்கள். படிக்கட்டில் அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார் சோப்பு. "அந்த வண்டியை அவர் கைக்குக் கொடுத்தது நான்தான்."

"திரும்ப வாங்கினதும் நீங்கதானே. போகட்டும்." டீச்சர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "என் பொண்ணு ஆறு மணிக்கு வந்துடுவா. அவகிட்ட நான்தான் சொல்லணும். நீங்க யாரும் சொல்லக்கூடாது."

"சரிங்க டீச்சர்."

"கார் இருந்ததைச் சொல்லிடுவேன். சக்கரம் மாத்தினதைச் சொல்லிடுவேன். கோர்ட்டுல எப்படியும் தெரியும்." ஒரு படி இறங்கி நின்றார். "அவர் பேசினதை மட்டும், இன்னைக்குச் சொல்ல மாட்டேன்."

 கண்டக்டர் முன்னால் போய் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் மிச்சப் படிகளை ஒவ்வொன்றாக இறங்கினார்கள்.